தேன் உபயம்

மாமாங்கம் என்ற மனிதருக்கு இருந்த அலுப்பைக் கட்டி இழுத்துக்கொண்டுபோய் 401 நெடுஞ்சாலைக்குக் குறுக்கே போட்டிருந்தால், காலையில் வேலைக்குக் கிளம்பியவர்கள் மறுநாள் பின்னேரம்தான் போய்ச் சேர்ந்திருப்பார்கள். அவ்வளவு அலுப்பு. ஸ்காபரோவில் பாண் சுடுகிற ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் ஆயுள் முழுக்க இரவு வேலை செய்து, கனடாவில் கால்வாசிப் பேருக்குக் காலைச் சாப்பாடு போட்ட உடம்பு அது. ஓய்வு பெற்ற அன்று அவர் கடவுளிடம் கேட்டது மிகச் சிறிய வரம்தான். பின்வளவில் சாய்ந்து உட்கார ஒரு கதிரை, பட்டப்பகலில் ஒரு குளிர்ந்த பியர், அதற்குப் பிறகு ஒரு நித்திரை.

கடவுள் கதிரையைக் கொடுத்தார். பியரையும் நித்திரையையும் பக்கத்து வீட்டுச் சிவபாதம் எடுத்துக்கொண்டார்.

எல்லாவற்றுக்கும் தொடக்கம் தகப்பன்மார் தினம். மகள் தனுசியா ஒரு பெரிய பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்து, "அப்பா, யூ நீட் எ ஹொபி," என்றாள். பெட்டிக்குள் மூடி போட்ட வாளி, ரப்பர் குழாய், மோல்ட் என்கிற வாற்கோதுமைப் பாணி, ஹொப்ஸ் என்கிற காய்ந்த பூ, ஈஸ்ட், இனிப்பு எவ்வளவு என்று மிதந்து காட்டுகிற கண்ணாடிக் குழாய் எல்லாம் இருந்தன. வீட்டிலேயே பியர் காய்ச்சலாம். மாமாங்கம் மனைவி புஸ்பராணியின் பொங்கல் பானையில் காய்ச்சினார். முதல் தடவையே அது நன்றாக வந்துவிட்டது. அந்த வாளி அன்றைக்கே புளித்து நாறிப் போயிருந்தால் மனிதன் இன்றைக்கு மகாராசாவாக இருந்திருப்பார். நன்றாக வந்ததுதான் பிழை. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த சிவபாதத்துக்கு ஒரு கிளாஸ் கொடுத்தது அதைவிடப் பெரிய பிழை.

மாமாங்கம் மட்டக்களப்பார், சிவபாதம் யாழ்ப்பாணத்தார். ஸ்காபரோவில் பதிவு செய்யப்பட்ட சங்கங்கள் அத்தனைக்கும் அவர் செயலாளர்; பதிவு செய்யப்படாதவற்றுக்குத் தலைவர். தெருவில் இரண்டு பேர் சேர்ந்து தும்மினால் அதற்கும் ஒரு நிர்வாகசபை கூட்டக்கூடியவர். அவர் அந்தக் கிளாசை ஒரே இழுவையில் இழுத்துவிட்டுச் சொன்னது ஒரு வசனம்தான்.

"அண்ணை, இது உங்கடை வீட்டுக்குள்ளை கிடக்கவேண்டிய சாமான் இல்லை."

அன்று வெளியே போன பியர் திரும்பி வரவேயில்லை. எங்கள் ஆட்களின் கொண்டாட்டங்களுக்கு எப்போதும் இரண்டு மண்டபம். உள்ளே இருப்பது ஒன்று. அங்கே பெண்கள், பிள்ளைகள், படம் பிடிப்பவர், கேக். மற்றது வெளியே வாகனத் தரிப்பிடத்தில், யாரோ ஒருவருடைய காரின் திறந்த டிக்கியைச் சுற்றி ஆண்கள் நிற்பது. முதலாவதை வாடகைக்கு எடுக்கவேண்டும். இரண்டாவது தானாகக் கூடும். பிறந்தநாள், பூப்புனித நீராட்டு, கலியாணம் என்று எந்தக் கொண்டாட்டம் வந்தாலும் அந்த டிக்கி மாமாங்கத்தின் டிக்கியாகவே இருந்தது. வீட்டில் காய்ச்சியதை விற்பது சட்டப்படி குற்றம். சும்மா கொடுக்கலாம். சும்மா கொடுக்கிற சாமானை யாருக்கு மறுப்பது?

பியர் காய்ச்சுவது என்று பெயர்தானே தவிர, உண்மையில் அது போத்தல் கழுவுகிற தொழில். காய்ச்சுவது ஒரு மத்தியானம். கழுவுவது ஒரு சீவியம். ஒன்ராறியோ ஏரி எப்போதாவது ஓரடி இறங்கியிருந்தால் அதற்கு வோபர்ன் பகுதியில் இருந்த மாமாங்கத்தின் நிலக்கீழ் அறைத் தொட்டிதான் காரணம். குனிந்த முதுகு நிமிர மறுத்தது. விரல் நுனிகள் ஊறிச் சுருங்கி, வங்கியில் கைரேகை கேட்டிருந்தால் அவரை வேறு ஆள் என்றுதான் சொல்லியிருப்பார்கள். இவ்வளவுக்கும் அவர் தன் பியரில் ஒரு போத்தலைக்கூட அடிவரைக்கும் குடித்ததில்லை. பதம் பார்க்க ஒரு வாய், அவ்வளவுதான். மிச்சம் டிக்கிக்குப் போய்விடும்.

வசந்தம் தொடங்கி, கடைசிப் பனி வாய்க்காலில் கறுத்துக் கிடந்த நாளொன்றில் சிவபாதம் படியிறங்கி நிலக்கீழ் அறைக்கு வந்தார்.

"அண்ணை, எங்கடை சங்கத்து இராசரத்தினத்துக்கு அறுபது வயசாகுது."

"ஆருக்குத்தான் ஆகல்ல," என்றார் மாமாங்கம், தொட்டியிலிருந்து தலையை எடுக்காமல்.

"பெரிசாய்ச் செய்யினம். உள் விசயம் எல்லாம் பிள்ளையள் பாக்கினம். வெளி விசயம் உங்கடை பொறுப்பு எண்டு சொல்லிப்போட்டன்."

சிவபாதத்தின் 'சொல்லிப்போட்டன்' என்ற சொல்லைக் கேட்டாலே மாமாங்கத்தின் முள்ளந்தண்டு ஒரு தட்டு இறங்கும்.

"தம்பி, இந்த முறை முதுகு ஏலாது. வேற ஆரையாவது…"

"முதுகு கிடக்கட்டும் அண்ணை, இதைக் கேளுங்கோ. சாதாரண பியர் இல்லை. தேன் பியர்! இராசரத்தினம் மொன்றியலுக்குப் போன இடத்திலை தேன் விட்ட பியர் குடிச்சவராம். அண்டைக்குத் தொடக்கம் மனுசனுக்கு அதே கதை."

"தேனுக்கு நான் எங்க போற?"

"உபயம் அண்ணை, உபயம்! கோயிலிலை அபிசேகத்துக்கு ஒரு வீட்டுக்காரர் பால் குடுக்கினம், ஒரு வீட்டுக்காரர் இளநீர் குடுக்கினம். அதுபோலைதான். வீட்டுக்கு ஒரு போத்தல் தேன். எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்."

ஒரு கிழமைக்குள் தேன் வந்து குவிந்தது. உலகத்தில் எத்தனை வகைத் தேனீ உண்டோ அத்தனையும் வேலைநிறுத்தம் செய்திருக்கும், அவ்வளவு தேன். கரடி வடிவப் பிளாஸ்டிக் போத்தலில் வந்தது, சாராயப் போத்தலில் வன்னியிலிருந்து பெட்டிக்குள் ஒளித்து வந்தது, கறுப்புத் தேன், உறைந்து வெள்ளையாகிப்போன தேன் எல்லாம் வந்தன. இளம் குடும்பக்காரன் நிசாந்தனின் மனைவி கௌசி, தன் தாய் சளிக்கென்று உள்ளிப்பூண்டுப் பல் ஊறப்போட்டு வைத்திருந்த தேனையே கொடுத்துவிட்டிருந்தாள். கோயில் வழக்கப்படி ஒவ்வொரு போத்தலிலும் பெயர் ஒட்டியிருந்தது: 'உபயம்: ஸ்ரீதரன் குடும்பம், அஜின்கோர்ட்.' கோயிலில் உபயகாரருக்கு ஒரு மரியாதை உண்டு. பூசை முடிய முதல் பிரசாதம் அவருக்கு. இங்கேயும் அந்த மரியாதையை அவர்கள் எதிர்பார்ப்பார்கள் என்று மாமாங்கம் அப்போது யோசிக்கவில்லை. அவர் வேறொன்றை யோசித்தார். அலுத்துப்போன மனிதனுக்கும் சிலவேளை ஒரு குறும்பு யோசனை வரும்.

புஸ்பராணி படியில் நின்று பார்த்தாள். மனிதனுக்குச் சீனி வருத்தம் என்கிற சர்க்கரை நோய். வீட்டுக்குள் இவ்வளவு தேன் வந்த நாள் முதல் அவள் சுங்க அதிகாரிபோல் காவல் நின்றாள்.

"இஞ்ச, இதெல்லாத்தையுமா ஊத்தப்போறீங்க?"

"எல்லாத்தையும்தான்."

"பியர் தித்திச்சுப் பாணியாப் போகாதா?"

"அதுக்குத்தான்கா புஸ்பம் ஊத்துறன். ஒரு வாய் வச்சவன் மறு வாய் வைக்கக் கூடாது. நாக்கு மேல்வாயில ஒட்டிக்கிட்டு அவனுகள் பேச்சில்லாம நிக்கணும். 'அண்ணை, கும்பிடுறம், இனி வேணாம்' எண்டு எல்லாரும் என்னை விட்டுட்டுப் போகணும்."

"இல்ல எண்டு ஒரு சொல்லுச் சொன்னா முடியிற கதை. அதுக்கு ஒரு வாளித் தேனா?"

"அந்தச் சொல்லு என்ர வாயில வருகுதில்லயே. நானும் முயற்சி செஞ்சு பாத்துட்டன்."

மோல்ட் கொதித்து இறங்கியதும் போத்தல் போத்தலாக ஊற்றினார். உள்ளித் தேனை வடிகட்டி ஊற்றினார். துடுப்புப்போல இருந்த அகப்பையால் கிண்டும்போது தோள்மூட்டு கறகறத்தது. ஆறவைத்து, ஈஸ்டைத் தூவி, வாளியை மூடினார். விரலில் பட்ட தேனைக்கூட நக்காமல் கழுவிவிட்டு, பல வருடங்களுக்குப் பிறகு கொஞ்சம் சிரித்துக்கொண்டு படியேறினார்.

அந்த வாளி சும்மா பொங்கவில்லை. மூடியில் இருந்த காற்றுக் குழாய் கொதிக்கிற கேத்தலைப்போல இரவும் பகலும் கத்தியது. நுரை குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கூரையைத் தொட்டது. புஸ்பராணி விளக்கேற்றும்போது சாமியறைத் தட்டில் மணி தானாக ஆடியதாம். அவள் சத்தியம் செய்தாள். இத்தனை வாளி காய்ச்சியவருக்கு இப்படி ஒரு வாளி வாய்த்ததில்லை. வழக்கமான நாள் கடந்தும் அது அடங்கவில்லை. ஒருவாறாக அது அமைதியானதும் மாமாங்கம் ஒரு கிளாஸ் எடுத்து, மிதவைக் கண்ணாடியை அதற்குள் விட்டார்.

பாணிக்குள் மிதவை உயர்ந்து நிற்கவேண்டும். அதுவோ கிணற்றில் போட்ட கல்லைப்போல அடிக்குப் போனது.

ஒரு வாய் வைத்தார். இனிப்பு இல்லை. பேருக்குக்கூட இல்லை. சாணை பிடித்த கத்திபோல வறண்ட, சுத்தமான பியர். விழுங்கிய பிறகு எங்கேயோ தூரத்தில் ஒரு பூவாசம் போனது. அதற்குப் பின்னால் அடிவயிற்றில் ஒரு சூடு பிடித்தது. சாதாரண பியருக்கு அப்படிப் பிடிக்காது.

மாமாங்கம் படியிலே இருந்துவிட்டார். ஆயுள் முழுக்க ஈஸ்டோடு குடும்பம் நடத்தியவர். சீனி போட்டால் மா எப்படிப் பொங்கும், ஈஸ்ட் எப்படித் தின்று கொழுக்கும் என்று நித்திரையிலேயே சொல்லக்கூடியவர். அவருக்கு இது தெரியாமல் போய்விட்டது. தேனை ஈஸ்டுக்கு முன்னால் வைத்தால் அது ஒரு துளி மிச்சம் விடாது. இனிப்பு முழுவதும் போதையாக, வெறியாக மாறியிருந்தது. தேத்தண்ணியில் விட்ட தேன் இனிக்கும். ஈஸ்ட் போட்ட வாளியில் விட்ட தேன் இனிக்காது.

"என்ன, பாணியா?" என்று மேலிருந்து குரல் வந்தது.

"இல்லகா," என்றார் அவர், அழாக்குறையாக. "திறமா வந்திருக்கு. நான் இவ்வளவு காலமும் காய்ச்சினதில இதுதான் திறம். ஈஸ்ட் எல்லாத் தேனையும் திண்டுட்டுது."

"அப்ப இனி?"

"இனி என்ன. சாகும்வரைக்கும் காய்ச்சல்தான்."

உபயத் தேனைச் சாக்கடையில் ஊற்ற மனம் வரவில்லை. மறுபடியும் போத்தல்களைக் கழுவினார், அடைத்தார், அடுக்கினார். வாயு ஏறியதும் டிக்கியில் ஏற்றினார்.

இராசரத்தினத்தின் அறுபதுக்கு வெளிமண்டபத்தில் கூடியது மாதிரிக் கூட்டம் தேர்த் திருவிழாவிலும் கூடியதில்லை. உபயகாரர்கள் எல்லாரும் முன்வரிசையில் நின்றார்கள். சிலர் வேட்டி, சிலர் கோட்டு. எல்லாருடைய முகத்திலும் தீபாராதனைக்குக் காத்திருப்பவர்களின் பயபக்தி. சிவபாதம் ஒரு சின்னப் பேச்சே பேசினார். முதல் போத்தல் இராசரத்தினத்துக்கு, பிறகு உபயகாரருக்கு, பிறகு மற்றவர்களுக்கு. எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரு வாய் குடித்தார்கள்.

எல்லாரும் போத்தலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார்கள்.

"தேன் எங்கை?" என்றார் இராசரத்தினம்.

ஸ்ரீதரன் இன்னொரு வாய் எடுத்து, வாய்க்குள் கொப்பளித்துப் பார்த்தார். "என்ரை தேன் வன்னித் தேன். தொண்டையைக் கவ்விப் பிடிக்கும். இது ஒண்டையும் பிடிக்கேல்லை."

"எங்கடை மாமியின்ரை உள்ளித் தேன்!" என்றான் நிசாந்தன். "இனிப்பை விடுங்கோ அங்கிள், உள்ளி மணமாவது வரவேணுமே?"

எல்லாரும் மாமாங்கத்தைப் பார்த்தார்கள். அவர் டிக்கி மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஈஸ்டின் கதையை எங்கே தொடங்குவது என்று யோசிக்கவே களைப்பாக இருந்தது. அவருக்காகச் சிவபாதம் வாதாடினார்.

"தேன் பாரமான சாமான் அல்லோ? அடியிலை உறைஞ்சு கிடக்கும். அடிமட்டும் குடியுங்கோவன்!"

உபயகாரர்கள் அடிவரைக்கும் குடித்தார்கள். அடியில் ஈஸ்ட் மண்டிதான் இருந்தது. இந்தப் போத்தலில் இல்லாவிட்டால் அடுத்ததில் இருக்கும் என்று அடுத்ததையும் அடிமட்டும் குடித்தார்கள். புதையல் தோண்டுகிறவர்கள்போல, தேனைத் தேடித் தேடி, சாதாரண பியரைப்போல் இரண்டு மடங்கு வெறியுள்ள ஒன்றைச் சும்மா சோடா குடிப்பதுபோல இறக்கினார்கள். இனிப்பில்லாத பியர் வெறிக்காது என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. கொஞ்ச நேரத்தில் தரிப்பிடத்தில் நின்ற விளக்குக் கம்பங்கள் எல்லாவற்றிலும் ஒவ்வொரு உபயகாரர் சாய்ந்திருந்தார். ஸ்ரீதரன் தன் காரென்று நினைத்து வேறொருவரின் காருக்குத் திறப்புப் போட்டுக்கொண்டே இருந்தார். இராசரத்தினத்தை நாலு பேர் தாங்கி உள்ளே கொண்டுபோனார்கள். மாலை போட வந்த மச்சானின் கழுத்தில் அவர் அந்த மாலையைத் திருப்பிப் போட்டு, "வாழ்க வளமுடன்" என்று அவனுடைய கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு, கேக்கின்மேல் தலைவைத்துப் படுத்தார்.

விழுந்தவர்களுக்கு மறுநாள் ஞாபகம் இருந்தது ஒன்றே ஒன்று: தேன் இல்லை. கடைசிப் பெட்டியைக் கோபத்தில் யாரும் தொடவில்லை. மாமாங்கம் அதோடு வீடு திரும்பினார்.

அடுத்த நாள் மத்தியானம் சிவபாதம் வந்தார். தலையிடியில் கண் சிவந்திருந்தது. வழக்கமாக நேரே நிலக்கீழ் அறைக்கு இறங்குகிறவர், முன்வாசலால் வந்து, சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு, சோபாவின் ஓரத்தில் இருந்தார். செத்த வீட்டுக்கு வந்தவர்போல.

"அண்ணை, சனம் ஒரு மாதிரிக் கதைக்குது."

"என்னவாம்?"

"தேனை நீங்கள் எடுத்துப்போட்டியளாம். மீன்பாடும் தேன்நாடு எண்டு உங்கடை மட்டக்களப்புக்குச் சும்மாவோ பேர் வந்தது, தேன்நாட்டார் தேனைக் கண்டால் விடுவினமோ எண்டு கேக்கினம்."

"எங்கட ஊரை என்னத்துக்கு இழுக்கிறீங்க?" புஸ்பராணி குசினிக்குள்ளிருந்து அகப்பையோடு பாய்ந்து வந்தாள்.

"நானில்லை அக்கா, ஸ்ரீதரன் சொன்னது! நான் உங்கடை பக்கம். அண்ணை, ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. என்ன நடந்தது எண்டு மட்டும் சொல்லுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன். ஒருத்தன் வாய் திறக்கமாட்டான்."

"சொல்லுங்க," என்றாள் புஸ்பராணி. "உள்ளதைச் சொல்லுங்க. அந்தக் கண்ணாடிக் குழாயைக் கொண்டாந்து காட்டுங்க."

மாமாங்கம் வாயைத் திறந்தார். தம்பி, ஈஸ்ட் எண்டு ஒரு சாமான் இருக்கு என்று தொடங்கினால் போதும். ஐந்து நிமிசத்தில் பெயர் வெளுத்துவிடும். ஆனால் வாயைத் திறந்த அந்த நேரத்திலேயே அதற்குப் பிறகு நடக்கப்போவதும் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. சிவபாதம் எழும்பி நிற்பார். 'அப்ப இனிப்பே இல்லாத தேன் பியர்! சீனி வருத்தக்காரருக்கும் குடுக்கலாம்!' என்பார். எல்லாருக்கும் சொல்லிப்போடுவார். ஸ்காபரோவில் சீனி வருத்தம் இல்லாத தமிழன் யார்? அவர்கள் எல்லாரும் வெற்றுப் போத்தலோடு வோபர்னிலிருந்து நகரத்தின் மறுகோடியில் இருக்கிற பார்க்டேல் வரைக்கும் வரிசையில் நிற்பது தெரிந்தது. அந்தப் போத்தல்கள் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு, தொட்டிக்கு முன்னால் கேள்விக்குறிபோல வளைந்து, தான் நிற்பதும் தெரிந்தது.

ஒரு பக்கத்தில் நல்ல பெயர். மறுபக்கத்தில் கதிரை.

"நான்தான் திண்டன்," என்றார் மாமாங்கம்.

புஸ்பராணியின் கை அகப்பையோடு அப்படியே நின்றது. அவளைப் பார்க்காமல் இருக்க அவர் சிவபாதத்தையே பார்த்தார்.

"என்ன திண்டனியள்?"

"தேன்."

"எவ்வளவு?"

"முழுக்க."

"அத்தனை போத்தலுமோ?" சிவபாதத்தின் குரல் கீச்சிட்டது. "அந்த உள்ளித் தேனுமோ?"

"அதுதான் திறம்."

சிவபாதம் உண்மையாகவே உடைந்துபோய்விட்டார். "சீனி வருத்தத்தோடை…" என்று தொடங்கி முடிக்காமல் விட்டார். எழும்பி, ஒவ்வொரு சப்பாத்தாக மாட்டினார். கதவடியில் நின்று, நீதிபதி தீர்ப்பு வாசிப்பதுபோலச் சொன்னார்: "இனி உங்களிட்டை ஒரு பொறுப்பும் தரமாட்டம் அண்ணை. ஒண்டும் கேட்டு இந்த வாசலுக்கு வரமாட்டம்."

அவர் தண்டனையாகத்தான் சொன்னார். மாமாங்கத்தின் காதில் அது நாதஸ்வரக் கோஷ்டியோடு இறங்கியது.

ஆனால் அந்த நாதஸ்வரம் வீட்டுக்குள் கேட்கவில்லை. புஸ்பராணி அன்று முழுக்கப் பேசவில்லை. அடுத்த நாளும் இல்லை. சோற்றுக்கோப்பை மேசையில் வைக்கிற சத்தத்தில்தான் அவள் கதைத்தாள். தமிழ்க் கடையில் காசாளராக நிற்கும் பெண் அவளைக் கண்டதும் தேன் போத்தல்களை மேல்தட்டுக்கு மாற்றியதாகத் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். அது பொய்யாக இருக்கலாம். ஆனால் கோயிலில் பஞ்சாமிர்தம் கொடுத்த ஐயர், "வீட்டுக்கும் கொண்டுபோங்கோ, அவருக்கு ஆசையாயிருக்கும்," என்று இரண்டாவது கரண்டி வைத்தது உண்மை. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டே, கையைக்கூடக் கழுவாமல் கார்வரைக்கும் நடந்தாள். மகளும் தொலைபேசியில் கூப்பிட்டாள். "அப்பா, ஆல் தட் ஹனி? ஆர் யூ ட்ரையிங் டு டை? நாளைக்கே பிளட் டெஸ்ட்!" அதற்கும் அவர் தலையாட்டினார்.

கிழமைக் கடைசியில் புஸ்பராணியின் வாய் திறந்தது.

"என்னைக் கள்ளன்ர பெண்சாதி எண்டு பாக்குதுகள். ஒரு பொட்டுத் தேன் நக்காத மனிசன், முழுத்தேனும் திண்டன் எண்டு சொல்லிப்போட்டு இருக்கீங்க. நான் எப்பிடித் தலை நிமிர்ந்து போற? இண்டைக்கு எல்லாருக்கும் போன் எடுத்து உள்ளதைச் சொல்லப்போறன்."

மாமாங்கம் தடுக்கவில்லை. நல்ல பெயர் இருவருக்கும் பொதுவான சொத்து. அவளுடைய பாதியையும் சேர்த்து அதை அவர் தனியாக விற்றுவிட்டார்.

"சொல்லுகா," என்றார். "உனக்குச் சரியெண்டா சொல்லு. நான் கொஞ்சம் படுத்தெழும்பட்டும், பிறகு சொல்லு."

அன்று வெயில் வந்திருந்தது. சனத்தின் கோபத்தால் தப்பிவந்த பெட்டியிலிருந்து ஒரு போத்தலை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனார். கதிரை ஒரு பனிக்காலம் முழுக்க நனைந்து வெளிறிப் போயிருந்தது. இருந்தார். ஒரு வாய் குடித்துவிட்டுப் பழக்கதோசத்தில் போத்தலை வைக்கப் பார்த்தார். வைத்து என்ன செய்வது, கொடுக்க ஆளில்லை. மறு வாய் குடித்தார். வெயில் முழங்காலில் ஏறியது. கடைசி வாயில் அந்தப் பூவாசம் முதலில் வந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. எந்த உபயகாரரின் பூவோ தெரியாது. எல்லாரையும் மனதுக்குள் ஒருமுறை வாழ்த்தினார். போத்தல் முடிந்தது. ஸ்காபரோவில் உள்ள அத்தனை கண் இமைகளின் பாரத்தையும் சேர்த்து அவருடைய இரண்டு இமையில் யாரோ வைத்ததுபோல இருந்தது.

பாதி நித்திரையில் குசினித் தொலைபேசி அடிப்பது வலைக்கதவு வழியாகக் கேட்டது. சிவபாதத்துக்குத் தொலைபேசியே தேவையில்லை. அவர் கதைத்தால் வீட்டிலிருந்தே இங்கே கேட்கும்.

"அக்கா, ஒண்டு கேக்கவேணும், மறைக்காமல் சொல்லுங்கோ. எங்கடை வீட்டுப் பெடியன் யூட்சன் சொல்லுறான், தேனை ஈஸ்ட் திண்டிடுமாம். இனிப்பே நிக்காதாம். அதுதானாம் அண்டைக்கு அப்பிடி வெறிச்சது. அப்ப அண்ணை எங்களுக்குப் பொய் சொன்னவரோ? ஈஸ்ட் திண்டதோ, அண்ணை திண்டதோ? ஈஸ்ட் எண்டால் நான் இப்பவே எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்து அண்ணையின்ரை காலிலை விழுத்திறன். பொன்னாடை போடுவம். எங்கடை சொந்தக்காரப் பெடியன் தினேசின்ரை கலியாணமும் வருகுது. ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கினம்."

மாமாங்கத்துக்குக் கண் திறக்க முடியவில்லை. சமாதானமாகத்தான் இருந்தது. அவள் சொல்லட்டும். பொன்னாடை அவளுக்கும் வேண்டும். ஆயிரம் பேருக்கு எத்தனை போத்தல் என்று அவருடைய முதுகு தானாகவே கணக்குப் பார்க்கத் தொடங்கியது.

புஸ்பராணி வலைக்கதவடிக்கு வந்து நிற்பது மூடிய கண்ணுக்கே தெரிந்தது. வெயிலில் வாய் பிளந்து, கை தொங்க, கால் ஒரு பக்கம் விழுந்து கிடக்கிற மனிதனை அவள் நெடுநேரம் பார்த்தாள். இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் இரவு வேலைக்கு எழும்புகிற அவசரம் இல்லாமல், பகல் வெளிச்சத்தில் அந்த மனிதன் நித்திரை கொண்டு அவள் பார்த்திருக்கமாட்டாள்.

"அக்கா, லைனிலை நிக்கிறியளோ?"

"நிக்கிறன் தம்பி," என்றாள் புஸ்பராணி. ஒரு பெருமூச்சு விட்டாள். "ஈஸ்டாவது மண்ணாவது. அவர்தான் திண்டவர். நான் என்ர கண்ணால பாத்த. கரடிப் போத்தலை அப்பிடியே வாயில கவிழ்த்துக்கிட்டு நிண்டவர். இதில ஒளிக்க என்ன இருக்கு."

மறுபக்கத்தில் சிவபாதம் ஏதோ முனகினார்.

"ஓம் தம்பி, கலியாணத்துக்கு வேற ஆளைப் பாருங்க," என்றாள் அவள். "கொஞ்சம் மெல்லமாக் கதைங்க. மனிசன் படுத்திருக்கார்."